முத்துசெல்வி எழுத வேண்டியது

கோவில்பட்டி
12.7.1998

மதிப்பிற்குரிய பேபி அம்மாளுக்கு,

வணக்கம். என் பெயர் சுகுணா. உங்கள் மகள் முத்துசெல்வி படிக்கும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். தெரியாத கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முத்துசெல்வி நன்றாக இருக்கிறாள். உங்கள் குவைத் விலாசத்தை உங்கள் அண்ணன் செண்பகராஜ்தான் கொடுத்தார்.

விஷயம் இதுதான். போன வருடம் முதல் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த ஊரில் எந்தச் சந்துக்குள் போனாலும் ஹாக்கி மட்டைதான் கண்ணில் படும். பெண்பிள்ளைகள் பந்தை உதைப்பதை வேடிக்கை பார்க்க மைதானத்துச் சுவரில் ஆட்கள் ஏறி உட்காருகிறார்கள். இருந்தாலும் ஒரு அணிக்குத் தேவையான பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் தீப்பெட்டி ஒட்டி முடித்துவிட்டு, கையில் பசை காயாமல் ஓடி வருவார்கள்.

முத்துசெல்வி எங்கள் கோல்கீப்பர். எதிரணி அடிக்கும் பந்து வலைக்குள் போகாமல் கையால் பிடிக்கிற வேலை. முதல் நாள் எல்லோருக்கும் பின்னால் ஒதுங்கி நின்றாள். யாரோ தாறுமாறாக அடித்த பந்து அவள் பக்கம் போனது. துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டியைப் பிடிப்பது போல அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "இந்தாங்க டீச்சர்" என்று கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பரில் தூத்துக்குடியில் மாவட்டப் போட்டி. ஒரு நாள் அங்கே தங்க வேண்டும். நானும் ராஜமணி டீச்சரும் கூடவே இருப்போம். விளையாடும்போது முழங்கால் வரைக்குமான கால்சட்டை போட வேண்டியிருக்கும். உங்கள் அண்ணனிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "டீச்சரம்மா, நான் மாமன்தான். நாளைக்கு நாலு பேரு நாலு சொன்னா அவ அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்லா. பேபி ஒரு வரி எழுதட்டும், நானே பஸ் ஏத்தி விடுதேன்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான்.

யோசித்து எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். அதற்காக அவளை ஒதுக்கிவிட மாட்டேன்.

இப்படிக்கு,
ப. சுகுணா


குவைத்
2.8.1998

மரியாதைக்குரிய டீச்சர் அவர்களுக்கு பேபி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. படித்து முடித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் இறந்த மறுவருடம் இங்கே வந்தேன். இந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். கடைசிப் பையன் நான் வரும்போது கைக்குழந்தை. இப்போது என் மேல் படுத்தால்தான் தூங்குவான். மேடம் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வெளியே போகக்கூடாது, போன் பேசக்கூடாது. டிரைவர் கேரளாக்காரர். மாதத்துக்கு ஒரு கவர் வாங்கிக்கொண்டு போய்த் தபாலில் போடுவார். அதற்கு மேல் கேட்டால் முகம் சுளிப்பார். வழக்கமாக அது முத்துசெல்விக்குப் போகும். இந்த மாதம் உங்களுக்கு எழுதுகிறேன். அம்மா விசாரித்ததாக அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பந்து விளையாடுகிறாள் என்பதை அவள் எழுதவே இல்லை டீச்சர். அவள் கடிதம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நான் நலம். மாமா, அத்தை நலம். ஆடுகள் நலம். நீ எப்போது வருவாய்?" இதைத்தான் நான் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் முழுவதும் இந்த வீட்டு ஆண்கள் டிவியில் கால்பந்து பார்த்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைப்பேன். வலைக்கு முன்னால் ஒருவன் மட்டும் தனியாக நிற்பான். இவனை ஏன் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, பாவம் என்று நினைத்தேன். என் மகள் நிற்பதும் அந்த இடத்தில்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவள் தூத்துக்குடி போகட்டும். கால்சட்டையும் போடட்டும். அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஆனால் ஒரு உதவி செய்ய வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள். அவள் எழுத மாட்டாள்.

இப்படிக்கு,
மா. பேபி


கோவில்பட்டி
20.9.1998

அன்புள்ள பேபி அம்மாளுக்கு,

தோற்றுவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்துப் பள்ளி ஒன்று எங்களை இரண்டு கோல் போட்டு அனுப்பியது. ஆனால் அவர்கள் ஏழெட்டுக் கோல் போட்டிருக்க வேண்டியது. மற்றதையெல்லாம் உங்கள் மகள் நிறுத்தினாள். அங்கே தரை மணல். நம் பிள்ளைகள் கரிசலில் ஓடிப் பழகியவர்கள். மணலில் கால் புதைய, பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் திணறினார்கள். முத்துசெல்வி மட்டும் கொஞ்சநேரம் நின்று அந்தத் தரையைப் பார்த்தாள். பிறகு செருப்பை உதறுவது போல ஷூவைக் கழற்றி வலைக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள். நடுவர் வந்து போடச் சொன்னதும் போட்டுக்கொண்டாள். அதற்குள் இரண்டு பந்தைப் பிடித்துவிட்டாள்.

உங்கள் அண்ணன் பஸ் ஏற்றிவிட வந்தவர், அப்படியே தானும் ஏறிக்கொண்டார். ஆட்டம் முழுவதும் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் என்னிடம், "அவ அப்பனும் இப்படித்தான் டீச்சரம்மா. ஒண்ணும் பேச மாட்டான், விடவும் மாட்டான்" என்றார்.

சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரில் கால் நனைத்தார்கள். இவள் கரையிலேயே நின்று, "இம்புட்டுத் தண்ணி கெடந்து ஒரு ஆடு குடிக்க முடியாதா டீச்சர்" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டாள்.

நீங்கள் சின்ன விஷயமும் எழுதச் சொன்னதால் இவ்வளவும் எழுதுகிறேன். எனக்கும் எழுதுவதில் சந்தோஷம்தான். என் ஊர் நாகர்கோவில் பக்கம். அம்மா இருந்தவரை வாரம் ஒரு கடிதம் வரும். இப்போது யாரும் எழுதுவதில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். தபால்காரர் கீழ்வீட்டோடு திரும்பிவிடுவார். போன மாதம் மாடிப்படி ஏறி வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது, "மேலயும் ஆளு இருக்கா" என்று கேட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுகுணா


குவைத்
15.10.1998

அன்புள்ள சுகுணா டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. எதிர்வீட்டில் வேலை செய்கிற இலங்கைப் பெண் ஒருத்தி, துணி காயப்போட வரும்போது பால்கனியில் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஆடு குடிக்க முடியாதா என்ற இடம் வந்ததும் அவளும் நானும் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள். அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

டீச்சர், அவள் உயரமாகிவிட்டாளா? நான் வரும்போது என் தோளுக்குக் கீழே இருந்தாள். முடி கொட்டுகிறதா? காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாளா? பேசுகிற பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? இதையெல்லாம் அவளிடம் கேட்டால் நலம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாதக் கவரும் உங்களுக்குத்தான். உங்களுக்கு எழுதினால் பதில் வருகிறது. அவளுக்கு எழுதினால் அந்த நாலு வரிதான் வருகிறது. மகளைப் பற்றி இப்படி எழுதக்கூடாது. ஆனால் உண்மை அதுதான்.

உங்களுக்கும் சொல்கிறேன். தனியாக இருக்கிறேன் என்று ராத்திரிக்கு வெறும் பன்னும் டீயுமாக முடித்துவிடாதீர்கள்.

அன்புள்ள,
பேபி


கோவில்பட்டி
29.11.1998

அன்புள்ள பேபிக்கு,

அம்மாள் எல்லாம் வேண்டாம் என்று நீங்கள் மனத்தில் சொல்வது கேட்கிறது. அதனால் விட்டுவிட்டேன்.

நல்ல சேதி. உங்கள் மகள் பெரியவளாகிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. கரிசல் மண் காலைப் பிடித்தால் விடாது என்று உங்களுக்குத் தெரியும். பந்து அம்மிக்கல் மாதிரி கனத்துவிட்டது. சீக்கிரமே முடித்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பினேன். முத்துசெல்வி மட்டும் கோல்கம்பத்தில் சாய்ந்துகொண்டு நகராமல் நின்றாள். சேற்றில் கால் மாட்டிக்கொண்டதோ என்று பக்கத்தில் போனேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. என் சேலை முந்தானையைச் சுற்றி அறைக்குக் கூட்டிவந்து, வெந்நீர் வைத்துக் கொடுத்து, என் சேலை ஒன்றை உடுத்திவிட்டு, ஆட்டோவில் உங்கள் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். உங்கள் மதினி வாசலிலேயே திருஷ்டி சுற்றினார். தாய்மாமன் பனையோலையில் குச்சில் கட்டி உள்ளே உட்காரவைத்தார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று குறை இல்லாமல் கவனிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றினார்கள். நானும் போயிருந்தேன். மஞ்சள் சேலையில் உங்கள் மகளைப் பார்த்தபோது, நீங்கள் பார்க்க வேண்டியதை நான் பார்க்கிறேனே என்று இருந்தது.

ஆட்டோவில் வரும்போது, "எங்கம்மாவுக்கு…" என்று ஏதோ ஆரம்பித்தாள். "நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே, நானே எழுதிவிடுகிறேன்" என்று சொன்னேன். அதன்பிறகு பேசாமல் வந்தாள். பாவம், களைத்துப்போயிருந்தாள்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில்: என் காது வரை வளர்ந்துவிட்டாள். முடி கொட்டவில்லை. காலையில் பழையதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள். அவள் தோழி சத்யபிரியா. அணியில் முன்னால் ஓடுகிறவள், வாய் ஓயாதவள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அன்புடன்,
சுகுணா


குவைத்
20.12.1998

அன்புள்ள சுகுணா அக்காவுக்கு,

அக்கா என்று கூப்பிடலாமா என்று கேட்கவில்லை. கூப்பிட்டுவிட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் மேடம் என்னவென்று கேட்டார்கள். கையால் காட்டிச் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வைத்துக் கொடுத்தார்கள். மகளுக்குச் சடங்கு, அம்மா குவைத்தில் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருக்கிறேன்.

நான் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்தச் சேலையை அவளே வைத்துக்கொள்ளட்டும். நல்லது நடந்த சேலை.

டிரைவரிடம் கெஞ்சி இந்த மாதம் இரண்டு கவர் வாங்கிக்கொண்டேன். ஒன்றில் முத்துசெல்விக்கு எழுதிவிட்டேன். எனக்கு எல்லாம் தெரியும், டீச்சர் எழுதிவிட்டார்கள், மைதானத்தில் நடந்தது, ஆட்டோவில் வந்தது, குச்சில், மஞ்சள் சேலை எல்லாம் அம்மாவுக்குத் தெரியும், நீ ஒன்றும் எழுதிச் சிரமப்பட வேண்டாம், நன்றாகச் சாப்பிடு, டீச்சர் சொன்னபடி கேள், பந்தை விட்டுவிடாதே என்று எழுதியிருக்கிறேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்தக்கூடாது அக்கா. நீங்கள் எழுதினால் எனக்கு அவள் எழுதின மாதிரி.

உங்கள் தங்கை,
பேபி


கோவில்பட்டி
14.2.1999

அன்புள்ள பேபிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு ஒரு வாரமாக யோசித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு முத்துசெல்வி மைதானத்துக்கு வரவில்லை. பள்ளிக்கு வருகிறாள், மணி அடித்ததும் போய்விடுகிறாள். கேட்டால் வயிற்றுவலி என்றாள். அடுத்த முறை தலைவலி. சத்யபிரியாவிடம் கேட்டேன். "எனக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா டீச்சர்" என்றாள். மே மாதம் திருச்சியில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் இவள் பெயரைக் கொடுத்திருந்தேன். அந்தப் பயத்தில் வராமல் இருக்கிறாளோ என்று நினைத்து, போன ஞாயிற்றுக்கிழமை கயத்தாறு பஸ்ஸில் ஏறி உங்கள் ஊருக்குப் போனேன்.

ஊருக்கு மேற்கே, பருத்தி எடுத்து முடித்த காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். திருச்சிக்குப் போகப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாமா ஏதாவது சொன்னாரா, அதுவும் இல்லை. பையன்கள் யாராவது தொந்தரவு பண்ணுகிறார்களா, அதற்கும் இல்லை. கடைசியில் கேட்பதை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். பிறகு அவளே ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கம்மாவுக்கு நான் எழுதுததுக்கு ஒண்ணும் மிச்சமில்ல டீச்சர். எல்லாத்தையும் நீங்க எழுதிருதீங்க."

"நீ எழுதுவதில்லை என்று அம்மா வருத்தப்பட்டார்களே" என்றேன்.

"மெதுவா எழுதலாம்னு வச்சிருந்தேன். எனக்குச் சட்டுன்னு எழுத வராது. கடலப் பாத்தத எழுதலாம்னு ரெண்டு தாளு எழுதிக் கிழிச்சேன். அதுக்குள்ள, நான் ஆடு குடிக்க முடியாதான்னு கேட்டதப் படிச்சு அம்மா சிரிச்சாவன்னு நீங்க வந்து சொல்லுதீங்க. சரி, அது போவட்டும்னு விட்டேன். நான் சமைஞ்சத எங்கம்மாட்ட நான்தான டீச்சர் சொல்லணும். ஆட்டோல அதத்தான் சொல்ல வந்தேன். குச்சிலுக்குள்ள உக்காந்து முழுசா எழுதி வச்சிருந்தேன். மாமா இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டு, தபாலாபீஸ் போறதுக்குள்ள அம்மாட்ட இருந்து வந்துட்டு. எனக்கு எல்லாம் தெரியும், நீ எழுத வேண்டாம்னு."

அவள் தொடர்ந்தாள். "மாசம் ஒரு கவருதான் அம்மா போடும். அதுவும் இப்ப உங்களுக்குத்தான வருது. நீங்க வகுப்புக்கு வந்து அம்மா விசாரிச்சாவன்னு சொல்லுவீங்க. நான் பந்து புடிச்சா அம்மாவுக்கு லெட்டரு போவும், லெட்டரு போனா உங்களுக்குப் பதில் வரும். நான் புடிக்காம இருந்தா ஒண்ணும் போவாதுல்லா."

கோபமாகப் பேசவில்லை. தள்ளிப் போன ஒரு குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே, ஆட்டைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

பேபி, ஒரு பிள்ளையின் விளையாட்டைப் பற்றித் தாய்க்கு எழுத எனக்கு உரிமை உண்டு. காயம் பட்டால் எழுத வேண்டும், வெளியூர் கூட்டிப்போனால் அனுமதி கேட்க வேண்டும். அதைத் தாண்டி நான் எழுதியதெல்லாம் அவளுடையது. நீங்கள் ஆசையாகக் கேட்டீர்கள், நானும் ஆசையாக எழுதினேன். நமக்கு நடுவில் அவள் நிற்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இனி அவளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உங்கள் மாதக் கவர் அவளுக்கே வரட்டும்.

அன்புடன்,
சுகுணா


குவைத்
10.3.1999

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் நான் ஒழுங்காகச் சமைக்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்று மேடம் சத்தம் போட்டார்கள்.

சின்னப் பிள்ளை ஏதோ சொன்னாள் என்று நீங்கள் நிறுத்திவிடுவதா? அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு அங்கே மாமா இருக்கிறார், அத்தை இருக்கிறாள், ஆடு இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? நான் பெறாத பிள்ளை என் மேல் படுத்துத் தூங்குகிறது. நான் பெற்ற பிள்ளை என் தோளைத் தாண்டிவிட்டதை நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அதையும் இல்லாமல் ஆக்கினால் நான் எதை வைத்து இங்கே நாளை ஓட்டுவது?

அவளுக்கு நான் எழுதுகிறேன். நிச்சயமாக எழுதுகிறேன். ஆனால் அவள் பழையபடி நலம் நலம் என்று எழுதினால் என்ன செய்வேன்?

ஒன்று செய்யுங்கள். அவளுக்குத் தெரியாமல் எழுதுங்கள். நான் அவளிடம் மூச்சுவிட மாட்டேன். உங்களிடம் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். எனக்குத் தெரிந்தால் போதும்.

காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பேபி


கோவில்பட்டி
4.4.1999

அன்புள்ள பேபிக்கு,

இந்தக் கடிதத்தை அனுப்புமுன் முத்துசெல்வி படிக்கிறாள். இனி உங்களுக்கு நான் எழுதும் எதுவானாலும் அப்படித்தான். அதனால் நீங்கள் போன முறை கேட்டதற்கு இதுவே பதில்.

அனுமதி கேட்டு எழுதுகிறேன். மே பத்தாம் தேதி திருச்சியில் மாநில அணிக்கான தேர்வு. இரண்டு நாள். நான் உடன் போவேன். பயணம் ரயிலில். முத்துசெல்வி போக விரும்புவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் அண்ணனுக்கும் சம்மதம். நீங்களும் சம்மதித்து அவளுக்கே எழுதுங்கள்.

அவள் மைதானத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள். வந்த அன்றைக்குக் கோல்கீப்பராக நிற்க மாட்டேன், நடுவில் ஓடுகிறேன் என்றாள். சரி என்று விட்டேன். காரணத்தை நான் கேட்கவில்லை.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருப்பதைப் பார்க்கிறீர்கள். அது அவள் கேட்டு நான் அடித்தது. படித்துவிட்டு, "இது வேண்டாம் டீச்சர், இத நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

சுகுணா


குவைத்
23.5.1999

அன்புள்ள சுகுணா அக்காவுக்கு,

திருச்சிக்குச் சம்மதம் என்று நீங்கள் சொன்னபடி முத்துசெல்விக்கே எழுதினேன். அவள் கடிதம் வந்தது. நோட்டுத்தாளில் முன்னும் பின்னும் எழுதியிருக்கிறாள். இடம் போதாமல் ஓரத்தில் குறுக்கே திருப்பியும் எழுதியிருக்கிறாள். கவருக்குள் அடங்காமல் உப்பிக்கொண்டு வந்தது. டிரைவர், உள்ளே பணமா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எழுதப்போவதில்லை. சொல்லாதே என்று அவள் எழுதவில்லை. எனக்குத்தான் என்னோடு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த இலங்கைப் பெண்ணுக்கும் இதைப் படித்துக் காட்டவில்லை. உங்கள் மேல் அவளுக்கு வருத்தம் இல்லை. இதை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

போன கடிதத்தில் நான் கேட்டதை மறந்துவிடுங்கள். நீங்கள் அன்றைக்குச் சரி என்று எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் உங்கள் கடிதம் வராத அந்த இரண்டு மாதமும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா, இதற்கு மேல் உங்களுக்கு எழுத முடியாது. அவள் கேள்வி கேட்டு எழுதுகிறாள். அவள் அப்பா பந்து விளையாடுவாரா, நான் அவள் வயதில் எப்படி இருந்தேன், இந்த ஊரில் ஆடு உண்டா என்றெல்லாம் கேட்கிறாள். பதில் எழுத ஒரு கவர் போதவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அவளைப் பற்றி ஏதாவது இருக்குமா என்றுதான் என் கண் தேடும். அந்தப் பழக்கம் போக வேண்டும். எங்கேயும் கூட்டிப்போக வேண்டியிருந்தால் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் சொன்னால் நான் சொன்ன மாதிரி.

தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ராத்திரிக்கு நன்றாகச் சாப்பிடுங்கள்.

தங்கை,
பேபி


கோவில்பட்டி
17.10.1999

அன்புள்ள பேபிக்கு,

நீங்கள் சொன்னபடி எழுதாமல்தான் இருந்தேன். இதற்குப் பதில் வேண்டாம்.

இங்கே ஐந்து மாதமாக மழை இல்லை. மைதானம் விரல் போகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு பிள்ளைக்கு வெடிப்பில் கால் மாட்டிச் சுளுக்கிவிட்டது. அவள் அப்பா மாடக்கண்ணு தீப்பெட்டி ஆபீசில் இருந்து நேரே சண்டைக்கு வந்தார். "என் பிள்ளைக்கு அடிபட்டத ஊர்க்காரன் சொல்லி நான் தெரிஞ்சுக்கிடணுமா" என்றார். அவர் கேட்டது சரி. இப்போது மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை மைதானத்துக்கு வரச் சொல்கிறேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் பேசுவேன். முதலில் பிள்ளை சொல்லும். விட்டுப்போனதை நான் சொல்வேன். பெரும்பாலும் எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. அப்பாக்களில் பாதிப் பேர் வருவதில்லை. மாடக்கண்ணு வந்தார், பந்தை ஒரு உதை உதைத்துப் பார்த்தார், வேட்டி கிழிந்துவிட்டது.

ராஜமணி டீச்சருக்கு விளாத்திகுளத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அவர்களோடு டீ குடிப்பேன், அது நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம் போக்கிடம் இல்லாமல் ஹாக்கி போட்டி பார்க்கப் போனேன். எனக்குப் பின்னால் இருந்தவர், "ஃபுட்பால் டீச்சருக்கு இங்கன என்ன வேலை" என்று கேட்டுவிட்டுக் கடலை கொடுத்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது என்று பார்த்தால், இடைவேளையோடு அவர் போய்விட்டார்.

நேற்று மத்தியானம் ஒரு மழை. நான் மாடியில் நின்று பார்த்தேன். காய்ந்த கரிசலில் முதல் தண்ணீர் விழும்போது புகை மாதிரி எழும்புமே, அந்த வாசனை பஸ் நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. கீழே நின்றவர்கள் பஸ்ஸில் ஏறாமல் நனைந்துகொண்டு நின்றார்கள். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்துக்கொண்டிருந்தார். பேபிக்கு இதை எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்படியும் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இதில் முத்துசெல்வியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் இல்லாமலும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவு இருந்திருக்கிறது.

சுகுணா